சுழலச்சுச் செதுக்கல் மென்பொருள்

சுழலச்சுச் செதுக்கல் மென்பொருள் என்பது, உருளை வடிவான மரத்தை அதன் நீள அச்சில் சுழற்றியபடி செதுக்கும் கணினிக் கட்டுப்பாட்டு இயந்திரங்களுக்கு வேண்டிய வெட்டுப் பாதைகளைக் கணித்துத் தரும் மென்பொருள் ஆகும். இவ்வகை இயந்திரங்கள் பொதுவாகச் சி.என்.சி. ரூட்டர் என அழைக்கப்படுகின்றன. கட்டில் கால், மாடிப்படிக் கைப்பிடித் தூண், பூசையறைத் தூண், முறுக்குத் தூண், உருண்டைச் சிற்பம் முதலியன இம்முறையில் செய்யப்படுகின்றன.

இதற்கெனப் பல மென்பொருள்கள் உள்ளன. எனினும் எது பொருத்தமானது என்பதை மென்பொருளின் புகழோ விலையோ முடிவு செய்வதில்லை. செதுக்க வேண்டிய வடிவம், இயந்திரத்தின் கட்டுப்படுத்திக்குப் புரியும் கட்டளை, இவ்விரண்டையும் இணைக்கும் பின்செயலி ஆகிய மூன்றுமே அதனை முடிவு செய்கின்றன. இம்மூன்றையும் அறியாமல் மென்பொருள் வாங்கும் சிறு பட்டறைக்குப் பணமும் மரமும் ஒருங்கே வீணாகக்கூடும். இக்கட்டுரையில் வரும் மரங்களும் கணக்குகளும், தேனி மாவட்டத்தில் ஏலமலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள போடிநாயக்கனூர் வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டவை.

வரலாறு

மரத்தைச் சுழற்றி உளியால் வடிவமைக்கும் தொழில் தமிழில் கடைசல் எனப்படும். திருநெல்வேலி மாவட்டத்தின் அம்பாசமுத்திரத்தில் செய்யப்படும் அரக்கு பூசிய சொப்புச் சாமான்களும், கர்நாடகத்தின் சென்னபட்டணப் பொம்மைகளும் கடைசல் வேலைக்குப் பெயர் பெற்றவை. கடைசலில் மரம் வேகமாகச் சுழலும். உளி ஏறத்தாழ ஓரிடத்தில் நிற்கும். ஆகவே எந்த இடத்தில் குறுக்கே அறுத்தாலும் வட்டமாகவே இருக்கும் வடிவங்களை மட்டுமே கடைசலால் தர இயலும். இலை, கொடி, முகம் போன்றவற்றைப் பின்னர்க் கையாலேயே செதுக்க வேண்டும்.

வட்டமல்லாத வடிவத்தைச் சுழற்றிச் செதுக்கும் இயந்திரத்தை அமெரிக்கரான தாமசு பிளான்சார்டு என்பவர் உருவாக்கி 1819 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். துப்பாக்கியின் மரக்கட்டையைச் செய்வதற்காக அது அமைக்கப்பட்டது. முன்மாதிரி ஒன்றும் புது மரம் ஒன்றும் சேர்ந்து மெதுவாகச் சுழலும். முன்மாதிரியைத் தொட்டு நகரும் சக்கரம் எவ்வளவு ஏறி இறங்குகிறதோ, அவ்வளவே வெட்டும் சக்கரமும் ஏறி இறங்கும். இன்றைய சுழலச்சு இயந்திரமும் இதே கொள்கையில் இயங்குகிறது. முன்மாதிரியின் இடத்தை எண்களாலான கோப்பு எடுத்துக்கொண்டது என்பதே வேறுபாடு.

எண்களால் இயக்கப்படும் துருவல் இயந்திரம் 1952 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசாச்சுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் செய்து காட்டப்பட்டது. 1990களில் அமெரிக்காவின் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்தில் எழுதப்பட்ட இயந்திரக் கட்டுப்பாட்டு நிரலே பின்னர் லினக்ஸ் சி.என்.சி. என்னும் கட்டற்ற மென்பொருளாக வளர்ந்தது.

மூன்று அடுக்குகள்

மென்பொருள் என்னும் ஒரே சொல்லால் மூன்று வெவ்வேறு கருவிகள் குறிக்கப்படுவதால் புதியவர்கள் குழப்பம் அடைவதுண்டு. அவை பின்வருமாறு:

• வரைவு மென்பொருள்: கோட்டோவியத்தையோ முப்பரிமாண வடிவத்தையோ உருவாக்குவது. கோட்டோவியங்கள் டி.எக்ஸ்.எஃப். கோப்பாகவும், முப்பரிமாண வடிவங்கள் எஸ்.டி.எல். கோப்பாகவும் சேமிக்கப்படுவது வழக்கம்.
• வெட்டுப்பாதை மென்பொருள்: வடிவத்தையும் வெட்டுளியின் அளவையும் கொண்டு, வெட்டுளி செல்ல வேண்டிய பாதையைக் கணித்து, ஜி-கோடு எனப்படும் கட்டளை வரிகளாக எழுதுவது.
• கட்டுப்பாட்டு மென்பொருள்: ஜி-கோடு வரிகளைப் படித்து மோட்டார்களை இயக்குவது. இது கணினியில் இருக்கலாம். கையடக்கமான தனிப் பெட்டியிலும் இருக்கலாம்.

வெட்டுப்பாதை மென்பொருளின் இறுதியில் செயற்படும் சிறு மொழிபெயர்ப்பு நிரல் பின்செயலி அல்லது போஸ்ட் பிராசசர் எனப்படுகிறது. ஒரே பாதையை ஒவ்வொரு கட்டுப்படுத்திக்கும் ஏற்ற வழக்கில் எழுதித் தருவது இதன் பணி. சுழலச்சு வேலையில் ஏற்படும் தவறுகளில் கணிசமானவை பின்செயலியின் பொருத்தமின்மையால் விளைபவை.

இயங்கும் முறை

மூன்று அச்சு இயந்திரத்தில் வெட்டுளி எக்ஸ், ஒய், இசட் என்னும் மூன்று திசைகளில் நகரும். சுழலச்சு இயந்திரத்தில் மரம் ஒரு முனையில் சக் எனப்படும் பிடியாலும் மறுமுனையில் கூர்முனைத் தாங்கியாலும் பிடிக்கப்படுகிறது. மரம் எக்ஸ் அச்சுக்கு இணையாகக் கிடந்தால் அதன் சுழற்சி ஏ அச்சு எனவும், ஒய் அச்சுக்கு இணையாகக் கிடந்தால் பி அச்சு எனவும் பெயர் பெறும்.

பெரும்பாலான வேலைகளில் வெட்டுளி மரத்தின் மையக்கோட்டுக்கு நேர் மேலேயே நிற்கும். அது நீளவாக்கில் நகரும், மேலும் கீழும் அசையும், பக்கவாட்டில் நகராது. பக்கவாட்டு நகர்வுக்குப் பதிலாக மரம் சுழலும். தட்டையான தாளில் வரைந்த படத்தை உருளையின் மீது சுற்றி ஒட்டுவதற்கு இதனை ஒப்பிடலாம். ஆகவே இம்முறை சுற்றல் முறை எனப்படுகிறது.

100 மில்லிமீட்டர் விட்டமுள்ள மரத்தின் சுற்றளவு 314.16 மில்லிமீட்டர் ஆகும். எனவே அம்மரத்தைச் சுற்ற வேண்டிய படத்தின் அகலமும் 314.16 மில்லிமீட்டராக இருத்தல் வேண்டும். தட்டைப் படத்தில் 1 மில்லிமீட்டர் என்பது சுழற்சியில் 1.146 பாகைக்குச் சமம்.

இதில் கவனிக்க வேண்டிய இயல்பு ஒன்று உண்டு. படத்தின் அகலம் வெளிப்பரப்பில் மட்டுமே சரியாக இருக்கும். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள மரத்தில் 20 மில்லிமீட்டர் ஆழம் செதுக்கினால், அவ்விடத்தில் ஆரம் 50இலிருந்து 30 மில்லிமீட்டராகக் குறையும், சுற்றளவு 188.5 மில்லிமீட்டர் ஆகும். அதாவது, அங்குள்ள உருவத்தின் அகலம் 60 விழுக்காடாகச் சுருங்கும். ஆழம் குறைந்த பூ வேலைப்பாட்டில் இது கண்ணுக்குத் தெரியாது. ஆழமான முகங்களில் முகம் ஒடுங்கித் தோன்றும்.

செதுக்கல் வகைகள்

செய்ய வேண்டிய வேலை பின்வரும் நான்கில் எவ்வகையைச் சேர்ந்தது எனத் தீர்மானிப்பது தெரிவின் முதற்படி ஆகும்.

• கடைசல் வடிவம்: எல்லா இடத்திலும் வட்டமான குறுக்குவெட்டு கொண்டது. பக்கவாட்டுக் கோடு ஒன்றை வரைந்தால் போதும். எளிய மென்பொருளே இதற்குப் போதுமானது.
• சுற்றிய புடைப்பு: உருளையின் மேற்பரப்பில் கொடி, இலை, எழுத்து, முறுக்கு முதலியவற்றைச் செதுக்குவது. தட்டையான புடைப்புச் சிற்பத்தை உருளையில் சுற்றித் தரும் வசதி தேவை.
• முழுச்சிற்பம்: யானை, தெய்வ உருவம் போன்று எல்லாப் பக்கமும் வேறுபட்ட வடிவம். எஸ்.டி.எல். கோப்பை உள்வாங்கி, அதனைச் சுழலச்சைச் சுற்றிக் கணிக்கும் வசதி தேவை.
• பக்க மாற்றுச் செதுக்கல்: மரத்தை 90 அல்லது 180 பாகை திருப்பி நிறுத்தி, ஒவ்வொரு பக்கத்தையும் தட்டைப் பலகைபோல் செதுக்குவது. நாற்சதுரத் தூணின் நான்கு முகங்களுக்கு இது ஏற்றது. மூன்று அச்சு மென்பொருளையே இதற்குப் பயன்படுத்தலாம்.

வெட்டுளி மையக்கோட்டின் மேலேயே நிற்பதால், அக்கோட்டிலிருந்து பார்க்கும்போது மறைந்திருக்கும் பகுதிகளை அதனால் எட்ட இயலாது. கைக்கும் உடலுக்கும் இடைப்பட்ட துளை, காதின் பின்புறம், மடிப்பின் உட்புறம் ஆகியன அத்தகையவை. எவ்வளவு விலையுயர்ந்த மென்பொருளானாலும் நான்கு அச்சு இயந்திரத்தின் இவ்வெல்லையை முற்றிலும் நீக்க முடியாது. அவ்விடங்களுக்கு ஐந்து அச்சு இயந்திரமோ கைவினைஞரின் உளியோ வேண்டும்.

கட்டுப்படுத்தியின் வகை

தெரிவின் இரண்டாம் படி, இயந்திரத்தில் சுழலும் அச்சு எவ்வாறு இணைக்கப்பட்டுள்ளது என அறிவது ஆகும். இரண்டு அமைப்புகள் வழக்கில் உள்ளன.

அச்சு மாற்று அமைப்பு

குறைந்த விலை இயந்திரங்கள் பலவற்றில் மூன்று மோட்டார்களை இயக்கும் கட்டுப்படுத்தி மட்டுமே இருக்கும். சுழல் வேலையின்போது ஒரு விசையைத் திருப்பினால், ஒய் அச்சு மோட்டாருக்குச் செல்லும் மின்குறிப்புகள் சுழலும் மோட்டாருக்குச் செல்லும். கட்டுப்படுத்தி தான் ஒய் அச்சை நகர்த்துவதாகவே கருதிக்கொள்கிறது. இவ்வமைப்பில் சுழலச்சுக்கெனத் தனி மென்பொருள் தேவையே இல்லை. சுற்றளவுக்குச் சமமான அகலத்தில் தட்டையாகக் கணித்த மூன்று அச்சுக் கோப்பு போதுமானது.

எனினும், மரத்தின் விட்டம் மாறும்போதெல்லாம் ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை படிகள் என்ற அமைவையும் மாற்ற வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரு சுற்றுக்கு 1600 நுண்படிகளும் 6:1 வேகக் குறைப்பும் உள்ள மோட்டார், மரத்தை ஒரு முறை சுழற்ற 9600 படிகள் எடுக்கும். 100 மில்லிமீட்டர் விட்டத்துக்கு இது மில்லிமீட்டருக்கு 30.56 படிகள், 80 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 38.20 படிகள். அமைவை மாற்ற மறந்து 80 மில்லிமீட்டர் மரத்தைச் செதுக்கினால், மரம் 288 பாகை மட்டுமே சுழலும். 72 பாகை வெறுமையாக நிற்க, கொடியின் தொடக்கமும் முடிவும் ஒன்று சேரா.

நான்காம் அச்சு அமைப்பு

சுழலச்சுக்குத் தனி மோட்டார் இயக்கியும் தனிப் பெயரும் இருக்கும். கட்டளைகள் பாகையில் எழுதப்படும். இதற்கு ஒய் மதிப்பை ஏ மதிப்பாக மாற்றி எழுதும் பின்செயலி கட்டாயம் தேவை. லினக்ஸ் சி.என்.சி., மாக் 3 ஆகிய கட்டுப்பாட்டு மென்பொருள்களும், நான்கு அச்சுக் கையடக்கப் பெட்டிகளும் இவ்வமைப்பை ஏற்கின்றன. மாக் 3 பழைய கணினிகளில் இணைநிலைத் துறை வழியாக இயங்குமாறு எழுதப்பட்டது. அந்த இயக்கி 64 பிட் விண்டோசில் செயற்படாது. சிறு இயந்திரங்களில் காணப்படும் ஜி.ஆர்.பி.எல். நிரலின் மூல வடிவம் மூன்று அச்சுகளை மட்டுமே அறியும். அதிலிருந்து கிளைத்த ஜி.ஆர்.பி.எல்.ஹால் கூடுதல் அச்சுகளை ஏற்கும்.

மென்பொருள்கள்

வணிக மென்பொருள்கள்

• வி-கார்வ், ஆஸ்பயர்: 2005 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இங்கிலாந்தின் வெக்ட்ரிக் நிறுவனத்தின் வெளியீடுகள். இரண்டிலும் சுழலச்சு வேலைக்கான தனி அமைப்பும் சுற்றல் பின்செயலிகளும் உள்ளன. புடைப்புச் சிற்பத்தைப் புதிதாக உருவாக்கும் கருவிகள் ஆஸ்பயரில் மட்டும் உண்டு. வி-கார்வில் ஆயத்த வடிவத்தை உள்வாங்கிச் செதுக்கலாம். வி-கார்வின் குறைந்த விலைப் பதிப்பில் வேலைப்பரப்பு 25 அங்குலத்துக்கு 25 அங்குலம் என்ற வரம்பு உள்ளதால், நீண்ட தூண்களைத் துண்டு துண்டாகவே செதுக்க நேரிடும்.
• ஆர்ட்கேம்: இந்தியப் பட்டறைகளில் பெரிதும் அறியப்பட்டது. இங்கிலாந்தின் டெல்கேம் நிறுவனத்தின் இம்மென்பொருள், 2014இல் அந்நிறுவனத்தை ஆட்டோடெஸ்க் வாங்கியபின் அதன் கைக்கு வந்தது. 2018 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அதன் மூல நிரலைக் கொண்டு கார்வ்கோ என்னும் மென்பொருள் வெளிவருகிறது. ஆகவே புதிய ஆர்ட்கேம் என்ற பெயரில் இன்று விற்கப்படுபவை பெரும்பாலும் உரிமமற்ற படிகளே. அவற்றுக்குத் திருத்தமோ உதவியோ கிடைக்காது.
• டெஸ்க்புரோட்டோ: நெதர்லாந்தின் டெல்ஃப்ட் ஸ்ப்லைன் சிஸ்டம்ஸ் நிறுவனத்துடையது. வரைவுக் கருவிகளைவிட, எஸ்.டி.எல். கோப்பிலிருந்து முழுச்சிற்பத்தைச் செதுக்குவதில் கவனம் செலுத்துகிறது. சுழலச்சு வசதி அதன் பல்லச்சுப் பதிப்பில் உள்ளது.
• ஆட்டோடெஸ்க் ஃபியூஷன்: 2024 வரை ஃபியூஷன் 360 என அழைக்கப்பட்டது. பொறியியல் உதிரிப்பாகங்களுக்கு வலிமையான கருவி. தனிப்பட்ட பயன்பாட்டுக்கான இலவச உரிமத்திலிருந்து பல்லச்சு வசதி 2020இல் நீக்கப்பட்டது.
• ஜே.டி.பெயின்ட்: சீனாவின் ஜிங்தியாவ் நிறுவனத்தின் மென்பொருள். சீன ரூட்டர்களுடன் சேர்த்துப் பயன்படுத்தப்படுகிறது.

கட்டற்ற மென்பொருள்கள்

• ஃப்ரீகேட்: வரைவுக்கும் வெட்டுப்பாதைக்கும் உரிய கருவிகள் கொண்டது. இதன் 1.0 பதிப்பு 2024இல் வெளிவந்தது. பக்க மாற்றுச் செதுக்கலுக்குப் பயன்படும். முழுச் சுழலச்சுப் பாதைகளுக்கான வசதி குறைவு.
• பிளெண்டர்கேம்: பிளெண்டர் என்னும் முப்பரிமாண மென்பொருளின் நீட்சி. சுழலச்சைச் சுற்றிய பாதைகளைக் கணிக்கும் வசதி சோதனை நிலையில் உள்ளது. பொறுமையுடன் கற்பவர்களுக்கு ஏற்றது.
• ஜி-கோடு ரிப்பர்: ஏற்கெனவே தட்டையாகக் கணித்த கோப்பை உருளைக்கு ஏற்பச் சுற்றி மாற்றி எழுதும் சிறு நிரல். மூன்று அச்சு மென்பொருள் மட்டுமே வைத்திருப்போர் இதனைக் கொண்டு நான்காம் அச்சைப் பயன்படுத்தலாம்.

வேலை வகைக்கு ஏற்பத் தொகுத்துக் கூறின்: கொடிவேலைத் தூண்களுக்கு வி-கார்வ் போன்றவை போதும், சொந்தமாகப் புடைப்பு வடிவங்களைப் படைக்க விரும்புவோருக்கு ஆஸ்பயரும் கார்வ்கோவும் உதவும், ஆயத்த எஸ்.டி.எல். சிற்பங்களுக்கு டெஸ்க்புரோட்டோ பொருந்தும். மாணவர்கள் கட்டற்ற மென்பொருள்களைக் கொண்டே கொள்கைகளைக் கற்கலாம்.

தெரிவின்போது ஆராய வேண்டியவை

வெட்டு வேகம்

நேர்கோட்டு நகர்வின் வேகம் நிமிடத்துக்கு இத்தனை மில்லிமீட்டர் என்றும், சுழற்சியின் வேகம் நிமிடத்துக்கு இத்தனை பாகை என்றும் அளக்கப்படும். நிமிடத்துக்கு 3000 பாகை என்பது 100 மில்லிமீட்டர் விட்டத்தில் ஏறத்தாழ 2618 மில்லிமீட்டர் வேகமாகும். 20 மில்லிமீட்டர் விட்டத்தில் அதுவே 524 மில்லிமீட்டர் மட்டுமே. ஆகவே ஒல்லியான பகுதிகளில் வெட்டுளி ஊர்ந்து மரத்தைக் கருக்கக்கூடும்.

நேர்கோட்டு நகர்வும் சுழற்சியும் ஒரே வரியில் வரும்போது, லினக்ஸ் சி.என்.சி. போன்றவை நேர்கோட்டுத் தொலைவை மட்டும் கொண்டு நேரத்தைக் கணிக்கின்றன. 0.1 மில்லிமீட்டர் நகரும்போது மரம் 10 பாகை திரும்ப வேண்டுமெனில், சுழலச்சு இயன்ற உச்ச வேகத்தில் பாயும். இதனைத் தவிர்க்க, ஒவ்வொரு வரியும் எவ்வளவு நேரத்தில் முடிய வேண்டும் எனக் குறிக்கும் ஜி93 என்னும் தலைகீழ் நேர முறை பயன்படுகிறது. பின்செயலி இம்முறையை எழுதுமா, கட்டுப்படுத்தி இதனை ஏற்குமா என்பதை வாங்குவதற்கு முன்பே உறுதி செய்தல் நன்று.

பூச்சியப் புள்ளி

உயரத்தின் பூச்சியப் புள்ளியை மரத்தின் மேற்பரப்பிலும் வைக்கலாம். சுழலும் மையத்திலும் வைக்கலாம். மென்பொருளில் ஒன்றும் இயந்திரத்தில் மற்றொன்றும் அமைந்துவிட்டால் விளைவு கடுமையாகும். மென்பொருள் மேற்பரப்பைப் பூச்சியமாகக் கொண்டு 5 மில்லிமீட்டர் ஆழம் எனக் கட்டளையிட, இயந்திரம் மையத்தைப் பூச்சியமாகக் கொண்டிருந்தால், வெட்டுளி மரத்தின் மையத்துக்கும் கீழே 5 மில்லிமீட்டர் இறங்க முயலும். வெட்டுளி முறிவதோடு மரமும் பிடியிலிருந்து தெறிக்கக்கூடும். மரத்தின் மேற்பரப்பு ஒழுங்கற்றது. சுழலும் மையமோ மாறாதது. எனவே மையத்தைப் பூச்சியமாகக் கொள்வதே பாதுகாப்பானது.

திசை

மரம் சுழலும் திசை மென்பொருள் கருதும் திசைக்கு எதிராக இருந்தால், எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி வரும். கொடியில் இத்தவறு எளிதில் புலப்படாது. ஆகவே முதற்சோதனையில் எழுத்தொன்றைச் சேர்த்துச் செதுக்குவது பயனுடையது.

மாதிரிக் காட்சி

வெட்டுப் பாதையைத் திரையில் உருளை வடிவிலேயே காட்டும் மென்பொருள் தவறுகளை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். தட்டையாக மட்டும் காட்டுபவற்றில், தொடக்கமும் முடிவும் சந்திக்கும் இடத்தில் உள்ள பிழை மரத்தைச் செதுக்கிய பின்னரே தெரியவரும்.

போடிநாயக்கனூர் வட்டாரத்தில்

போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகத்துக்குப் பெயர் பெற்ற நகரம். இந்திய நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின்னணு ஏலம் இங்கும் கேரளத்தின் புற்றடியிலும் நடைபெறுகிறது. இந்நகரில் அரசு பொறியியல் கல்லூரி 2012 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது.

மரங்கள்

மென்பொருளில் இடும் வேகம், ஆழம், வெட்டுளியின் அளவு ஆகியவை மரத்தைப் பொறுத்து மாறும். இவ்வட்டாரத்தில் காணப்படும் மரங்கள் சில:

• சில்வர் ஓக்: ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்டது. மலைச்சரிவின் தோட்டங்களில் நிழலுக்காகவும் மிளகுக் கொடி படர்வதற்காகவும் வளர்க்கப்படுகிறது. அறுத்த பரப்பில் மின்னும் ஆரக் கோலங்கள் இதன் சிறப்பு. இதன் தூள் சிலருக்குத் தோல் ஒவ்வாமை உண்டாக்கும்.
• மா: காய்ப்பு ஓய்ந்த பழைய மரங்கள் அறுக்கப்படுகின்றன. நடுத்தரக் கடினம் கொண்டது. விரைவில் உலர்த்தாவிடில் பூஞ்சணமும் பூச்சியும் பற்றும்.
• பலா: மஞ்சள் நிறமும் சீரான இழையும் கொண்டது. தஞ்சாவூர் வீணை இம்மரத்தால் செய்யப்படுகிறது. நுண்ணிய வேலைப்பாட்டைத் தாங்கும்.
• இலவம்: பஞ்சுக்காக இவ்வட்டாரத்தில் பெரிதும் வளர்க்கப்படுகிறது. மரம் மிக மென்மையானது. கூரிய விளிம்புகள் நில்லா. விலையுயர்ந்த மரத்தில் செதுக்குமுன் சோதனை பார்க்க ஏற்றது.

தென்மேற்குப் பருவமழையால் ஏலமலையின் காற்று ஈரம் மிகுந்தது. போடிநாயக்கனூர் மழைமறைவில் அமைந்திருப்பதால் உலர்ந்தது. எனவே மலையில் அறுத்த மரம் சமவெளியில் மேலும் உலர்ந்து சுருங்கும். மரம் ஆரத்தின் திசையைவிடச் சுற்றுத் திசையில் அதிகம் சுருங்குவதால், நடுத்தண்டோடு கூடிய முழு உருளையில் வெடிப்பு விழுதல் இயல்பு. இதனைத் தவிர்க்க, உலர்ந்த பலகைகளை ஒட்டிச் சதுரக் கட்டையாக்கி, முதலில் அதனை உருளையாக்கும் பாதையை ஓட்டிய பின்னரே செதுக்குவர். உருளையாக்கும் பாதையைத் தானே கணித்துத் தரும் வசதி மென்பொருளில் இருந்தால் வேலை எளிதாகும். அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் மரம் வெட்டுதல் 1955 ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டது.

எடுத்துக்காட்டுக் கணக்கு

100 மில்லிமீட்டர் விட்டமும் 900 மில்லிமீட்டர் நீளமும் உள்ள பலாமரத் தூணில், ஏலச்செடியின் இலையும் காய்ச்சரமும் புடைப்பாகச் செதுக்கப்பட வேண்டும் எனக் கொள்வோம். இது சுற்றிய புடைப்பு வகையைச் சேர்ந்தது. படத்தின் அகலம் 314.16 மில்லிமீட்டர், வலது விளிம்பில் முடியும் இலை இடது விளிம்பில் தொடர வேண்டும்.

இறுதி வெட்டில் அடுத்தடுத்த பாதைகளுக்கு இடையே 0.5 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால், சுற்றுப்பாதைகள் 1800 ஆகும். வெட்டுளி கடக்கும் மொத்தத் தொலைவு ஏறத்தாழ 565 மீட்டர். நிமிடத்துக்கு 3000 மில்லிமீட்டர் வேகத்தில் இதற்கு 3 மணி 8 நிமிடம் தேவை. இடைவெளியை 0.3 மில்லிமீட்டராகக் குறைத்தால் தொலைவு 942 மீட்டராகவும், நேரம் 5 மணி 14 நிமிடமாகவும் உயரும். பாதையை நீளவாக்கில் அமைத்தாலும் மொத்தத் தொலைவு ஏறத்தாழ இதுவே. ஆனால் மர இழையின் போக்கிலேயே வெட்டுவதால் பிசிறு குறையும். ஆகவே நீளவாக்குப் பாதை, சுற்றுப்பாதை இரண்டையும் தரும் மென்பொருளைத் தெரிவு செய்வது நன்று.

இத்தகைய நீண்ட வேலையின் நடுவே மின்சாரம் தடைப்படலாம். கரட்டு வெட்டையும் இறுதி வெட்டையும் தனித்தனிக் கோப்புகளாகவும், இறுதி வெட்டை நீளத்தின் பகுதிகளாகவும் பிரித்துக்கொண்டால் இழப்பு குறையும். மரத்தின் முனையிலும் பிடியிலும் பூச்சியப் பாகையைக் கோடிட்டு வைத்தால், மின்சாரம் திரும்பியபின் அதே நிலையில் தொடரலாம்.

தாள் சோதனை

மென்பொருளும் பின்செயலியும் இயந்திரமும் ஒத்துப்போகின்றனவா என்பதை மரம் வீணாகாமல் அறியலாம். மென்பொருளை விலைகொடுத்து வாங்குமுன், கோப்பைச் சேமிக்க விடும் சோதனைப் பதிப்பாலோ நிறுவனம் தரும் மாதிரிக் கோப்பாலோ இதனைச் செய்வது முறை.

1. 110 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாய்த் துண்டொன்றைச் சுழலச்சில் பொருத்தி, அதன்மேல் தாளைச் சுற்றி ஒட்டவும். சுற்றளவு 345.6 மில்லிமீட்டர்.
2. வெட்டுளிக்குப் பதிலாக, சுருள்வில் வைத்த பேனாவைப் பொருத்தவும். சுழல்தண்டின் மோட்டாரை இயக்காதிருக்கவும்.
3. 0 பாகையில் ஒரு நீளக்கோடு, 360 பாகையில் ஒரு நீளக்கோடு, 50 மில்லிமீட்டர் பக்கமுள்ள சதுரம், "அ" என்னும் எழுத்து ஆகியவை கொண்ட கோப்பை ஓட்டவும்.
4. தாளைப் பிரித்து அளக்கவும்.

இரு நீளக்கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் சுழற்சிப் படிகள் சரி. சதுரத்தின் பக்கங்கள் சமமாக இருந்தால் விட்டம் சரி. எழுத்து நேராக இருந்தால் திசை சரி. நேர்கோடுகள் சாய்ந்திருந்தால், சுழலச்சு எக்ஸ் அச்சுக்கு இணையாக இல்லை என்பது பொருள். இது மென்பொருளால் தீராது, இயந்திரத்தில் திருத்தப்பட வேண்டும்.

மரபுக் கைவினையும் இயந்திரமும்

தமிழ்நாட்டில் சேலம் மாவட்டத்தின் தம்மம்பட்டி, பெரம்பலூர் மாவட்டத்தின் அரும்பாவூர், கள்ளக்குறிச்சி ஆகிய ஊர்கள் மரச்சிற்பங்களுக்குப் புகழ்பெற்றவை. அரும்பாவூர் மரச்சிற்பங்கள் 2020 ஆம் ஆண்டிலும், கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்கள் 2021 ஆம் ஆண்டிலும் புவிசார் குறியீடு பெற்றன. இவற்றின் மதிப்பு கைவேலையில் தங்கியுள்ளது. ஒரே கோப்பிலிருந்து இயந்திரம் தரும் நூறு தூண்களும் ஒன்றுபோலவே இருக்கும். கைவினைஞர் செதுக்கும் இரு தூண்கள் ஒருபோதும் முற்றிலும் ஒன்றாகா. இயந்திர வேலையைக் கைவேலை என விற்பது வாங்குபவரையும் கைவினைஞரையும் ஒருசேரப் பாதிக்கிறது.

மறுபுறம், கரட்டு வெட்டு, முறுக்கு, திரும்பத் திரும்ப வரும் கொடி ஆகியவற்றை இயந்திரத்துக்கு விட்டு, கண், விரல், மடிப்பு ஆகியவற்றைக் கையால் முடிக்கும் முறையும் உண்டு. மையக்கோட்டிலிருந்து வெட்டுளி எட்டாத இடங்களே சிற்பத்துக்கு உயிர் தரும் இடங்களாகவும் பெரும்பாலும் அமைகின்றன. ஆகவே சிற்ப அறிவுள்ளவரின் கையில் மென்பொருள் உழைப்பைக் குறைக்கும் கருவியாகிறது. அவ்வறிவு இல்லாத இடத்தில், பிறர் வரைந்த கோப்பை மீண்டும் மீண்டும் படியெடுப்பதோடு நின்றுவிடுகிறது.

இவற்றையும் பார்க்கவும்

• கடைசல்
• மரச்சிற்பக் கலை
• கட்டற்ற மென்பொருள்
• புவிசார் குறியீடு
• போடிநாயக்கனூர்
• ஏலமலை